பசை காயும் நேரம்

"தூக்குங்க. இன்னும் கொஞ்சம். அப்படியே பிடிச்சுக்குங்க, விட்டுடாதீங்க."

அவர் இறக்கைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்துத் தூக்கிப் பிடித்தார். கூடத்திலிருந்த மேசையைவிட நீளமான ஜெட். பொம்மை விமானம் என்று யாராவது சொன்னால் மனைவிக்குக் கோபம் வரும். ரிமோட்டில் பறப்பதுதான், ஆனால் உள்ளே இருப்பது மண்ணெண்ணெய் குடித்து ஊளையிடும் நிஜமான டர்பைன். பள்ளிக்கூடம் போகிற பிள்ளையின் கனம் இருந்தது. நழுவினால் என்ன ஆகும் என்ற நினைப்பிலேயே அவருடைய முழங்கை ஆடியது.

"ஏங்க, நடுங்குறீங்க."

"பயமா இருக்கு."

"உங்களுக்கு எதுதான் பயமில்ல? குக்கர் விசிலடிச்சாலே எழுந்து நிக்கிற ஆளு." சிரித்துக்கொண்டே மடித்த கம்பளியை இறக்கைக்கு அடியில் முட்டுக்கொடுத்தாள். "இப்ப மெதுவா விடுங்க."

தரையில் மண்டியிட்டு இடது சக்கரத்தைக் கழற்றினாள். சக்கர நாற்காலிகள் செய்யும் கம்பெனியில் சக்கரப் பிரிவிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். வீட்டில் சும்மா உட்கார முடியாமல் ஒருநாள் பக்கத்துத் தெரு ஆளின் ஜெட் சக்கரத்தைச் சரிசெய்து கொடுக்கப் போக, இப்போது ஊரில் ஜெட் விடுகிறவர்கள் எல்லோரும் இந்த வீட்டு வாசலில்தான் வந்து நிற்கிறார்கள். அவர்களுக்கு அவள் 'சக்கரக்கா'.

இந்த ஜெட் அச்சகத் தம்பியுடையது. ஒவ்வொரு முறை இறங்கும்போதும் இடது டயர் ரிம்மை விட்டுக் கழன்று தனியாக ஓடுகிறது. நான்கு டயர் மாற்றிவிட்டான். "ஜெட் ஒரு பக்கம் நிக்குது, டயர் ஒரு பக்கம் ஓடுது, நான் எதைப் பிடிக்க ஓடறதுன்னு தெரியல அக்கா" என்று போனில் புலம்பியிருந்தான். மறுநாள் அவர்கள் ஜெட் விடும் மைதானத்தில் பெரிய கூட்டம் இருக்கிறதாம். மதியத்துக்குள் வண்டியோடு வந்து எடுத்துப்போவதாகச் சொல்லியிருந்தான்.

"டயர் மேல தப்பே இல்ல" என்றாள் சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து. "வெளிப்பக்கம் மட்டும் தேய்ஞ்சிருக்கு பாருங்க, உங்க செருப்பு மாதிரி. சக்கரத்தைத் தாங்குற கால் லேசா வளைஞ்சு சக்கரம் வெளிய பாத்துக்கிட்டு நிக்குது. ஜெட் நேரா ஓடணுங்குது, சக்கரம் எனக்கு அந்தப் பக்கம் வேலை இருக்குங்குது. இழுபறியில டயர் என்ன பண்ணும், பாவம்."

பழைய பசையைச் சுரண்டினாள். ரிம்மை உப்புத்தாளால் உரசினாள். ஸ்பிரிட்டில் துணியை நனைத்துத் துடைத்தாள். புது டயரை மாட்டி, விளிம்பை விரலால் விலக்கி விலக்கிச் சொட்டுச் சொட்டாகப் பசை விட்டு, இரண்டு பலகைத் துண்டுகளுக்கு நடுவே வைத்து இறுக்கினாள். சமையலறை டைமரை இரண்டு மணி நேரத்துக்குத் திருகி அவர் கையில் கொடுத்தாள்.

"பையில வச்சுக்குங்க. இது அடிக்கிற வரைக்கும் அந்தப் பக்கம் தும்மக்கூடக் கூடாது."

அவர் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு செய்தித்தாளைப் பிரித்தார். அவள் ஜெட்டின் வளைந்த காலைப் பார்க்க உட்கார்ந்தாள். உலோகம் உரசும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது, பிறகு நின்றது.

"என்னங்க, அந்தக் கரண்டியை எடுங்க."

"எந்தக் கரண்டி?"

"அதான். கரண்டி." அவள் காட்டிய இடத்தில் ஸ்பேனர் கிடந்தது.

அவர் எழவில்லை. போன மாதம் இப்படித்தான். பலகைக்கு நடுவே விரல் மாட்டிக்கொண்டது என்று அலறினாள். அவர் செருப்புக்கூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடி ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தால், விரலை ஆட்டிக் காட்டிக்கொண்டு நிற்கிறாள். "உங்க மூஞ்சிய நீங்க பாக்கணுமே!" அதை வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தாள். இன்றைக்கு ஏமாறுவதில்லை என்று அவர் பக்கத்தைத் திருப்பினார்.

"கரண்டி... தண்ணி, சின்னத் தண்ணி... வைங்க."

"நடிச்சது போதும். நான் பயப்படல."

அவளிடமிருந்து சிரிப்பு வரவில்லை. அவர் காத்திருந்தார். வழக்கமாக இந்நேரம் அடக்க முடியாமல் ஒரு மூச்சுச் சத்தமாவது வரும். செய்தித்தாளுக்கு மேலாக மெல்ல எட்டிப் பார்த்தார்.

அவள் தன் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது மடியில் யாரோ வைத்துவிட்டுப்போன பொருள்போலக் கிடந்தது. இடது கையால் அதை எடுத்து முழங்கால் மேல் வைத்தாள். அது வழுகித் தரையில் விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தாள். நிமிர்ந்தபோது வாயின் ஒரு பக்கம் கீழே இறங்கியிருந்தது. அந்த முகத்தை அவர் அதுவரை பார்த்ததில்லை. அவள் பயந்திருந்தாள்.

"ஏம்மா... ஏம்மா, இங்க பாரு."

எழுந்தார், ஆனால் கால் அவளிடம் போகவில்லை. போனைத் தேடினார். போன் கையில்தான் இருந்தது. எந்த எண்ணை அழுத்துவது என்று மறந்துபோயிற்று. அப்போது வாசல் மணி அடித்தது.

அச்சகத் தம்பி உள்ளே எட்டிப் பார்த்து, "என்னக்கா, ரெடியா?" என்று ஆரம்பித்து நின்றான்.

"பேச்சு மாறிப்போச்சுப்பா. கை வரல. ஆம்புலன்ஸுக்கு, ஆம்புலன்ஸுக்கு..."

"அது எப்ப வர்றது மாமா! வாசல்ல வண்டி நிக்குது. கால் பக்கம் பிடிங்க."

ஜெட்டை ஏற்றிப்போக வந்த வண்டி அது. பின்புறம் இருக்கை கிடையாது. தரை முழுக்கத் தடிமனான நுரைப்பஞ்சு, அதில் ஜெட்டின் உடலுக்கும் இறக்கைகளுக்கும் அளவெடுத்து வெட்டிய பள்ளம். அவளை அதற்குள் படுக்கவைத்தார்கள். தோள் இறக்கையின் பள்ளத்தில் போய் அமர்ந்தது. இடது கையால் அவருடைய சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வேகத்தடை வரும்போதெல்லாம் அவர் அவள் தலையைத் தாங்கினார்.

"மெதுவாப்பா. இல்ல, வேகமாப் போ. வேகமாப் போ."

"வந்துட்டோம் மாமா, வந்துட்டோம்" என்று அவன் இன்னும் வராத மருத்துவமனையை நோக்கிச் சொல்லிக்கொண்டே இருந்தான்.

"வைங்க" என்றாள் அவள். "வைங்க."

"என்னம்மா வைக்கணும்? சொல்லு, எங்க வைக்கணும்?"

அவள் அவரையே பார்த்தாள். அதற்குப் பிறகு பேசவில்லை.

அவசரப் பிரிவில் ஸ்ட்ரெச்சருக்கு மாற்றினார்கள். அதன் முன்சக்கரம் ஒன்று படபடவென்று ஆடிக்கொண்டே போனது. அதன் பின்னாலேயே ஓடியவரை இளம் டாக்டர் ஒருத்தி நிறுத்தினாள்.

"எப்ப ஆரம்பிச்சது?"

"இப்பதான்மா. கொஞ்ச நேரம் முன்னாடி."

"கொஞ்ச நேரம்னா? கடைசியா எப்ப நல்லா இருந்தாங்க? நேரத்தை வச்சுத்தான் மருந்து. யோசிச்சுச் சொல்லுங்க."

அவருக்கு எதுவும் ஓடவில்லை. காலையா மதியமா என்றே தெரியவில்லை. தப்பாகச் சொன்னால் தப்பான ஊசி போட்டுவிடுவார்களோ என்று நாக்கு உள்ளே இழுத்துக்கொண்டது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போயிற்று. டைமர் உள்ளே டிக் டிக் என்று ஓடிக்கொண்டிருந்தது.

"இத... இத வைக்கும்போது நல்லா இருந்தா. ரெண்டு மணி நேரத்துக்கு வச்சா."

டாக்டர் அதை வாங்கிப் பார்த்தாள். முள் பாதி வட்டத்தைக்கூடத் தாண்டவில்லை.

"இத வைக்கும்போது தெளிவாப் பேசினாங்களா?"

"என்னைக் கிண்டல் பண்ணினா."

"அப்ப நேரம் இருக்கு. ஸ்கேன் எடுத்துட்டுச் சொல்றோம்." டைமரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேகமாகப் போனாள்.

நேரம் இருக்கிறது. அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அச்சகத் தம்பி வெளியூரிலிருந்த மகளுக்குப் போன் செய்து, "அம்மாவுக்குக் கொஞ்சம் முடியலம்மா, நீ கிளம்பி வா" என்றான். அவரிடம் போனை நீட்டினான். அவர் தலையை ஆட்டி மறுத்தார். மகள் ஏதாவது கேட்பாள். எப்ப கவனிச்சீங்க என்று கேட்பாள். செய்தித்தாளில் எத்தனை பக்கம் திருப்பினோம்? ஒன்றா? இரண்டா? படித்த செய்தி ஒன்றுகூட நினைவில் இல்லை.

டாக்டர் வந்தபோது முன்பிருந்த வேகம் அவளிடம் இல்லை.

"அடைப்பா இருந்தா ஊசி போட்டிருப்போம் சார். இது அடைப்பு இல்ல, ரத்தக்கசிவு. உள்ள நிறையப் பரவியிருக்கு. ஆபரேஷன் பண்ற நிலைமையில இல்ல."

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா?"

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். "சீக்கிரம்தான் வந்திருக்கீங்க" என்றாள்.

அது உண்மையா, தன் முகத்தைப் பார்த்துச் சொன்னதா என்று அவருக்குத் தெரியவில்லை. மறுபடி கேட்கவும் துணிவில்லை.

அப்போதுதான் டைமர் அடித்தது. அந்த நீண்ட தாழ்வாரத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. அவர் பையிலிருந்து எடுத்துத் திருகினார், அமுக்கினார், சட்டைக்குள் பொத்தினார். எப்படி நிறுத்துவது என்று தெரியவில்லை. அந்த வீட்டில் அதை அவள்தான் நிறுத்துவாள். கடைசியில் அச்சகத் தம்பி வாங்கி நிறுத்தினான்.

"பசை காய்ஞ்சிருக்கும்" என்றார் அவர்.

"விடுங்க மாமா. அதெல்லாம் யார் கேட்டா?" அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

பொழுது சாயும் நேரத்தில் திரைக்கு அந்தப் பக்கம் இருந்த இயந்திரத்தின் சத்தம் மாறியது. யாரோ ஓடினார்கள். பிறகு ஓட்டம் நின்றது. டாக்டர் வெளியே வந்து அவர் தோளில் கை வைத்தாள்.

"உள்ள போய்ப் பாருங்க சார்."

அவர் திரைக்கு வெளியிலேயே நின்றார். விலக்கினால் ஒரு கண்ணைத் திறந்து, 'ஏமாந்தீங்களா?' என்று கேட்டுவிடுவாள் என்று ஒரு பயம். கேட்கமாட்டாள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. அச்சகத் தம்பி பின்னாலிருந்து, "நான் வரட்டுமா மாமா?" என்றான். வேண்டாம் என்று தலையாட்டினார். ஆனால் போகவில்லை.

உள்ளேயிருந்து நர்ஸே திரையை விலக்கினாள்.

"நீங்கதான் வீட்டுக்காரரா? விரல்ல ஏதோ ஒட்டிக்கிட்டிருக்கு, எத்தனை தடவை துடைச்சாலும் போக மாட்டேங்குது. என்னது இது?"

கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கண்ணாடித் தோல்போல ஒன்று படிந்திருந்தது. ஓரங்களில் டயரின் கறுப்பு.

"பசை" என்றார். குரல் சாதாரணமாக வந்தது அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. "தண்ணியில போகாது. நகப் பாலிஷ் அழிக்கிற திரவம் இருந்தாப் போகும்."

அச்சகத் தம்பி கீழே மருந்துக்கடைக்கு ஓடிப்போய் ஒரு சின்னப் புட்டியும் பஞ்சும் வாங்கி வந்தான். நர்ஸ் கை நீட்டினாள்.

"நானே பண்றேன்மா."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். முகத்தைப் பார்க்கவில்லை. கையை எடுத்துத் தன் தொடையின் மேல் வைத்துக்கொண்டார். பஞ்சை நனைத்துக் கட்டைவிரலில் ஒற்றினார். சற்று நேரம் அப்படியே வைத்திருந்து, வலிக்காதபடி மெதுவாகத் தேய்த்தார். கண்ணாடித் தோல் சுருண்டு எழுந்து பஞ்சோடு வந்தது. அடியில் ரேகைகள் தெரிந்தன.

புட்டியின் நெடி மூக்கில் ஏறியது. ஆள்காட்டி விரலின் நகத்தை ஒட்டி, உப்புத்தாள் கீறிய சிறு காயம் ஒன்று இருந்தது. திரவம் பட்டால் எரியும்.

அவர் குனிந்து அந்த விரலை வாயருகே கொண்டுபோய் ஊதினார். ஊதிவிட்டு, பஞ்சை மறுபடி நனைத்தார்.