கடைசி சீட்டு வைத்தியம்

மேலப்புலியூர்ல மருந்து உடம்புக்குள்ள போறது மினி பஸ் வழியாத்தான். ஆஸ்பத்திரியில கையில ஒரு மருந்துப் பட்டையை ஒட்டி, "காலை பஸ், கடைசி சீட்டு"ன்னு சொல்லி அனுப்புவாங்க. பஸ் பள்ளத்துல விழுந்து எழும்போது புடவையும் ரெக்சினும் உரசும். உரசினா கரண்டு வரும். கரண்டு பட்டா உடம்புல இருக்கிற செல்லு ஒவ்வொண்ணும் கதவைத் திறக்கும், மருந்து உள்ள போயிடும்.

அதனால டிரைவர் கொளஞ்சிக்கு ஊர்ல தனி மரியாதை. காய்ச்சல்காரங்களுக்கு ரேஷன் கடைப் பள்ளம், கண்ணு மருந்துக்குப் பாலத்து மேடுன்னு பதமா இறக்குவாரு.

அன்னைக்கு தஸ்லிமா பாயம்மா ஏறினாங்க. கல்யாணப் பொண்ணுங்களுக்கு மருதாணி போடுறவங்க. வலது கை மரத்துப் போயி விரல் அஞ்சும் அசையல. முழங்கையில ஒட்டியிருந்தது கடைசிப் பட்டை. அது காயறதுக்குள்ள மருந்து இறங்கலன்னா கை அப்படியேதான்.

"தம்பி, பெரிய பள்ளமா பார்த்து விடுங்க."

"கோயில் முக்குல ஒண்ணு இருக்கு பாயம்மா. அதுல இறக்கினா யானைக்கே மருந்து போகும்."

முக்குல திரும்பினா, புது ரோடு கருகருன்னு கிடக்குது. ஒரு பள்ளம் இல்ல.

"மொழுமொழுன்னு போட்டிருக்கானே பாவி," கண்டக்டர் சகாயத்துக்கு வயிறு எரிஞ்சுது. "மனசாட்சி வேணாம்?"

"எலக்‌ஷன் வருதுல்ல," மீன்கூடைக்காரம்மா சொன்னாங்க.

கொளஞ்சி பிரேக்கை மிதிச்சு மிதிச்சுப் பார்த்தாரு. பஸ் வெண்ணெய் மேல போற மாதிரி போச்சு. பட்டை ஓரம் சுருள ஆரம்பிச்சுது.

"காயுது தம்பி."

கொளஞ்சி நடுரோட்டுல வண்டியை நிறுத்தினாரு. "பாயம்மா உள்ளயே இருக்கட்டும். மத்தவங்க இறங்கி பஸ்ஸைப் பிடிங்க."

"தள்ளணுமாண்ணே?"

"தள்ளாதே. குலுக்கு."

ஆளுக்கொரு பக்கம் பிடிச்சாங்க.

"தொட்டிலா ஆட்டுற?" மீன்கூடைக்காரம்மா சகாயத்தை அதட்டினாங்க. "சோறு தின்னியா இல்லையா? உலுக்குய்யா!"

உலுக்கினாங்க. ஜன்னல் கண்ணாடி கடகடன்னுச்சு. புடவையில படபடன்னு பொறி பறந்துச்சு. கொளஞ்சி வெளியே இருந்து பின்பக்கக் கண்ணாடி வழியா அந்தக் கையையே பார்த்துக்கிட்டு நின்னாரு. முதல்ல சுண்டுவிரல் அசைஞ்சுது. அப்புறம் கட்டைவிரல். பாயம்மா வலது கையால மூக்கைச் சொறிஞ்சுக்கிட்டாங்க.

"இறங்கிடுச்சு தம்பி. போதும், நிறுத்தச் சொல்லுங்க."

அதுக்குள்ள கொஞ்சம் அதிகமாவே உலுக்கிட்டாங்க. செல்லுக் கதவு அகலமாத் திறந்துக்கிச்சு. யாரு இப்படித் தட்டுறதுன்னு பார்க்க, செல்லுக்குள்ள குடியிருந்தவங்கள்ல நாலு பேரு வெளியே வந்துட்டாங்க. கடுகு அளவுதான் இருப்பாங்க. மத்தவங்க உள்ள வேலையா இருந்தாங்க. வந்தவங்க கடைசி சீட்டுல வரிசையா உக்காந்து, சந்தைக்குப் போகணும்னாங்க.

எல்லாரும் ஏறினதும் கொளஞ்சி வண்டியை எடுத்தாரு. சகாயம் டிக்கெட் கட்டோட பின்னாடி போயி நின்னான்.

"அண்ணே, இவங்க ஏறின இடம் எதுன்னு போட?"

"முழங்கைன்னு போடு."

ஒரு முழு டிக்கெட்டு, நாலு அரை டிக்கெட்டு கிழிச்சான். பாயம்மா வலது கையை நீட்டி அஞ்சையும் வாங்கிக்கிட்டாங்க.