ஒன்றும் அரையும்

காலை பத்து மணிக்கு உலகம்மாளின் மேசைக் கடிகாரம் நான்கரை காட்டியது. திருவனந்தபுரம் விமான நிலையத்தில் அவள் வேலை பார்க்கும் கட்டுப்பாட்டு அறைக் கடிகாரங்கள் அப்படித்தான் ஓடும். விமானம் எந்த நாட்டிலிருந்து கிளம்பினாலும், விமானிகளும் தரையிலிருந்து அவர்களுக்கு வழிசொல்பவர்களும் உலகம் முழுவதற்கும் பொதுவான ஒரே நேரத்தைத்தான் பேசுவார்கள். இந்திய நேரத்துக்கு அது ஐந்தரை மணி நேரம் பின்னால்.

அன்று வளைகுடாவிலிருந்து வந்த ஒரு விமானத்தை ஐயாயிரம் அடிக்கு இறங்கச் சொன்னாள். காதில் விழுந்த எண்ணை விமானி திருப்பிச் சொல்ல வேண்டும் என்பது விதி. அவர் மூவாயிரம் என்றார். கிழக்கே மலை இருக்கிறது, அவ்வளவு தாழ்ந்தால் ஆபத்து. உலகம்மாள் பதறாமல், தவறு என்று சொல்லி, எண்ணை மறுபடியும் நிறுத்திச் சொன்னாள். சரியாகக் கேட்கவில்லை என்றார் அவர். மூன்றாவது முறையும் அதே குரலில் சொன்னாள். அவர் வாயிலிருந்து ஐயாயிரம் என்று வந்த பிறகுதான் அடுத்த விமானத்தைக் கவனித்தாள். இந்த வேலைக்கு வந்து பதினோரு வருடத்தில், மறுபடி கேட்பவர்மேல் அவளுக்கு ஒருநாளும் கோபம் வந்ததில்லை.

பதினோரு மணி இடைவேளையில் கான்டீன் வாசலில் நின்றபடி, தென்காசிக்குப் பக்கத்தில் மேலகரத்தில் இருக்கும் அப்பாவுக்குப் போன் செய்தாள். அம்மா கோமதியம்மாளுக்கு நான்கு வருடத்துக்கு முன்பு இதய வால்வு மாற்றியிருந்தார்கள். அன்றிலிருந்து இரத்தம் உறையாமல் இருக்க ஒரு மாத்திரை தினமும் உண்டு. முந்தைய நாள் எடுத்த பரிசோதனையில் இரத்தம் அளவுக்கு மீறி இளகியிருப்பதாகத் தெரிந்தது. ஒன்று வேண்டாம், இனி அரை போதும் என்று மருத்துவர் உலகம்மாளிடம் போனில் சொல்லியிருந்தார்.

அதைத்தான் அவள் அப்பாவிடம் சொன்னாள்.

"ஏளா, கேக்கல. மறுபடி சொல்லு" என்றார் நாறும்பூநாதன்.

"எத்தன தடவப்பா சொல்லுதது? ஒண்ணு வேண்டாம். அரை. ராத்திரி எட்டு மணிக்கு. சரியா?"

"சரி, சரி."

அவள் போனை வைத்துவிட்டாள். காபி ஆறிக்கொண்டிருந்தது.

நாறும்பூநாதன் முப்பத்தைந்து வருடம் செங்கோட்டைக்கும் புனலூருக்கும் இடையே லாரி ஓட்டியவர். இன்ஜின் சத்தம் அவர் காதை மெல்ல மெல்லத் தின்றிருந்தது. இரண்டு வருடமாக அது அவருக்குத் தெரியும், யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாம் முறை கேட்டால் மருந்துக்கடைக்காரர் முகம் சுளித்தார். மூன்றாம் முறை கேட்டால் மகள் குரல் மாறியது. 'சரி' என்று சொல்லிவிட்டால் எல்லோரும் அமைதியாகிவிடுகிறார்கள் என்று அவர் கண்டுகொண்டார். அன்றைக்கு அவர் காதில் விழுந்தது மூன்றே சொல்: ஒண்ணு, அரை, எட்டு மணி.

எட்டு மணிக்கு மனைவிக்கு ஒரு மாத்திரை கொடுத்தார். அந்த அரை எதற்கு என்று மட்டும் விளங்கவில்லை. ஒன்பதரை மணிக்கு மகன் சிவசுப்பிரமணியன் சார்ஜாவிலிருந்து கூப்பிட்டான். 'அரை மாத்திரை, தினமும் எட்டு மணிக்கு அப்பாவுக்கு ஞாபகப்படுத்து' என்று அக்கா அவனிடம் சொல்லியிருந்தாள். அங்கே அப்போதுதான் எட்டு. அம்மாவுக்கு அரை மாத்திரை கொடுத்தாயிற்றா என்று அவன் கேட்டான். 'அரை' நன்றாகக் கேட்டது. நாறும்பூநாதனுக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. மகள் சொன்ன ஒன்று எட்டு மணிக்கு. மகன் சொன்ன அரை அவன் கூப்பிடும்போது. ஒரு மாத்திரையைப் பிளேடால் இரண்டாக நறுக்கி, அதில் ஒரு பாதியைப் படுத்திருந்த மனைவியை எழுப்பிக் கொடுத்தார். கோமதியம்மாளும் எதற்கென்று கேட்கவில்லை. அவர் கொடுத்தால் சரியாகத்தான் இருக்கும் என்பது அவள் நாற்பது வருட நம்பிக்கை.

ஒன்பது நாள் இப்படியே போனது. பல் தேய்க்கும்போது ஈறில் இரத்தம் வந்தது. கையில் நீலம் நீலமாகத் தடங்கள் விழுந்தன. எங்கேயோ இடித்துக்கொண்டேன் போல என்றாள் கோமதியம்மாள்.

பத்தாம் நாள் சனிக்கிழமை. காலையில் மூக்கில் வழியத் தொடங்கிய இரத்தம் நிற்கவேயில்லை. ஒரு துண்டு முழுக்க நனைந்து இரண்டாவது துண்டும் சிவந்தது. அடுத்த வீட்டு பீர் மைதீன் ஆட்டோவை எடுத்தார். வெளியே சாரல் விழுந்துகொண்டிருந்தது. குற்றாலம் போகிற வேன்களும் கார்களும் ரோட்டை அடைத்து நின்றன. அருவிக்குப் போகும் கூட்டம் பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருக்க, அவற்றுக்கு இடையில் புகுந்து புகுந்து ஆட்டோ தென்காசிக்குள் இருந்த ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரமானது. வழி முழுவதும் நாறும்பூநாதன் மனைவியின் தலையைத் தாங்கிப் பிடித்திருந்தார். அவர் வேட்டியிலும் இரத்தம்.

செய்தி தெரிந்ததும் உலகம்மாள் மலைப்பாதையில் வாடகைக் கார் பிடித்து மத்தியானம் வந்து சேர்ந்தாள். அதற்குள் ஊசி போட்டு இரத்தப் போக்கை நிறுத்தியிருந்தார்கள். இன்னும் இரண்டு நாள் போயிருந்தால் இரத்தம் மூளைக்குள் கசிந்திருக்கலாம் என்றார் மருத்துவர். தினம் எத்தனை மாத்திரை கொடுத்தீர்கள் என்று அவர் கேட்டதற்கு, ஒன்றரை என்று நாறும்பூநாதன் பதில் சொன்னதையும் சொன்னார்.

வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த அப்பா முன்னால் போய் நின்றாள் உலகம்மாள். அரை என்று அத்தனை முறை சொன்னேனே என்று கத்தியே விட்டாள். அவர் அவள் முகத்தையே பார்த்தார்.

"நீ ஒண்ணுன்ன. அவன் அரைன்னான். ரெண்டு பேரு சொன்னதயும்தான் செஞ்சேன்."

அவளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அப்போது நர்ஸ் ஜெனி அவளைக் கொஞ்சம் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனாள்.

"அக்கா, அப்பாவ வையாதீங்க. அவுகளுக்குக் காது கேக்கல. பின்னால நின்னு கூப்பிட்டா திரும்பிக்கூடப் பாக்கல. நம்ம உதட்டப் பாத்துத்தான் பேசுதாக."

உலகம்மாள் திரும்பி வந்து அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் பார்க்கும்படி முகத்தைத் திருப்பி, ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று மெதுவாகக் கேட்டாள்.

"கேக்கலன்னா உனக்குக் கோவம் வருது. அங்கன எத்தன உசுரு ஒன்ன நம்பி மேல பறக்குது. நான் வேற எதுக்கு ஒன்னத் தொந்தரவு பண்ணணும்?"

அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. முகம் தெரியாத ஒரு விமானிக்கு மூன்று முறை பொறுமையாகச் சொன்ன வாய், பெற்றவரிடம் இரண்டாம் முறைக்கே அலுத்துக்கொண்டிருக்கிறது.

சாயங்காலம் தம்பியிடம் பேசினாள். அவனும் பதறிப்போயிருந்தான். எட்டு மணிக்குத்தானே தினமும் கூப்பிட்டேன் என்றான். உன்னுடைய எட்டு இங்கே ஒன்பதரை என்றாள் அவள்.

கடலுக்கு மேல் ஒரு விமானத்தை ஒரு நாடு இன்னொரு நாட்டிடம் ஒப்படைக்கிறது. எட்டு மணிக்கு எல்லையைக் கடக்கும் என்றால் யாருடைய எட்டு? அதற்காகத்தான் எல்லோருக்கும் ஒரே நேரம். விமானி ஒரு மொழிக்காரர், துணை விமானி வேறு மொழிக்காரர், தரையில் இருப்பவள் தென்காசிக்காரி. அதற்காகத்தான் நாடு விட்டு நாடு போகும் விமானங்களுக்கெல்லாம் பொதுவாக ஆங்கிலம். அதிலும் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள் என்று முன்பே முடிவு செய்த எளிய சொற்கள். ஒரு விமானத்துக்குச் சொல்வதைப் பக்கத்தில் பறக்கும் விமானமும் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் அதில் ஒரு காரணம். தப்பாகக் காதில் விழுந்த ஒரு சொல்லால் நூற்றுக்கணக்கானோர் செத்த பிறகு உலகம் கற்றுக்கொண்ட ஒழுங்கு இது. உலகம்மாள் வீட்டில் அந்த ஒழுங்கு இல்லை. அக்கா சொன்னது தம்பிக்கு முழுதாகத் தெரியாது, தம்பி கேட்டது அக்காவுக்குத் தெரியாது. நடுவில் இருந்தவர் இரண்டையும் கூட்டிவிட்டார்.

மருத்துவமனையில் நான்காம் நாள் கோமதியம்மாள் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அதற்குள் நாறும்பூநாதனின் காதைப் பரிசோதித்து, கருவிக்கு அளவு கொடுத்திருந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பும் நேரத்தில் உலகம்மாள் அப்பாவுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, மாத்திரையைக் கையில் எடுத்துக் காட்டி, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சொல்லிவிட்டு, நீங்க சொல்லுங்கப்பா என்றாள். தம்பியும் போனில் கேட்டுக்கொண்டிருந்தான்.

"அரை மாத்திரை. ராத்திரி எட்டு, தென்காசி எட்டு. சிவா கூப்பிட்டா மாத்திரை கெடையாது, பேச்சு மட்டுந்தான்" என்றார் நாறும்பூநாதன்.

கோமதியம்மாள் சிரித்தாள். ஜெனியும் சிரித்தாள். சிவசுப்பிரமணியன் மட்டும் சிரிக்கவில்லை. தப்பு யாருடையது அக்கா என்று கேட்டான்.

"நம்மளதுதாம்ல. 'கேக்கல'ன்னு சொல்லவே அப்பாவப் பயப்பட வச்சிட்டோம். பெரியவங்க சரின்னு தலையாட்டிட்டா அவங்களுக்குப் புரிஞ்சிட்டுன்னு அர்த்தமில்ல. அவங்க வாயால திருப்பிச் சொல்லுத வரைக்கும் நாமதான் பொறுமையாச் சொல்லணும். நூறு தடவ கேட்டாலும் மொகம் சுளிக்காம சொல்லுத வீட்டுலதான் அவங்க உசுரு பத்திரமா இருக்கும்."