பிணத்துக்குள் பிறக்கும் நஞ்சு

மருத்துவக் கலைச்சொல் அகராதி தொகுத்துக்கொண்டிருந்தவளை 'டோமைன்' (ptomaine) என்ற சொல் மூன்று நாளாகப் படுத்தி எடுத்தது. அழுகலில் உண்டாகும் சேர்மங்களுக்கான பழைய பெயர் அது என்பது வரை தெரியும். அது எங்கிருந்து வந்தது என்றுதான் தெரியவில்லை. நாலாம் நாள் காலை, தடித்த நூல் ஒன்றின் அடிக்குறிப்பைப் படித்தவள் துள்ளி எழுந்தாள்.

"அண்ணி! அண்ணி!"

கறுப்புக் கோட்டுக்குள் ஒரு கையை நுழைத்திருந்த அண்ணி திரும்பினாள். அவள் வக்கீல். முதியவர் ஒருவருக்குத் தாவர விஷம் கொடுத்துக் கொன்றதாகக் கைதான நர்ஸுக்காக வாதாடுகிறாள். உடலில் விஷம் இருந்ததாக அறிக்கை கொடுத்த ஆய்வகக்காரரை அன்று குறுக்கு விசாரணை செய்ய வேண்டும்.

"கிரேக்கத்துல 'ப்டோமா'ன்னா விழுந்தது. விழுந்து கிடக்கிற பிணம்! நம்மகூடப் போர்ல வீழ்ந்தான்னு சொல்றோமே, அதே மாதிரி!"

"நேரமாகுது, நீ வேற!"

"முழுசா கேளுங்க. பிணத்துல தானா உண்டாகிற பொருள் சிலது, சோதனையில தாவர விஷம் மாதிரியே நிறம் காட்டுச்சாம். விஷமே கொடுக்காதவங்க மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இதைத் தனியா ஆராய்ஞ்சு பேர் வச்சாங்க. உங்க கேஸ்ல உடம்பை எப்போ தோண்டி எடுத்தாங்க?"

அண்ணியின் கை கோட்டுக்குள்ளேயே நின்றுவிட்டது. "இருபது நாள் கழிச்சு. அதுவும் நிறச் சோதனை மட்டும்தான்... அடியே, அந்தப் புத்தகத்தை எடு! நீயும் கிளம்பு!"

பகல் பதினொன்றுக்கு நீதிமன்றத்தில் அண்ணி கேட்டாள்: "அழுகின உடம்புல தானா உண்டாகிற பொருளும் இதே நிறத்தைக் காட்டுமா?"

ஆய்வகக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "காட்டலாம்."

"வேற சோதனை ஏதாவது செஞ்சீங்களா?"

"இல்லைங்க."

பின்வரிசையில் இருந்த அகராதிக்காரி இருக்கை நுனிக்கு நகர்ந்தாள். மிச்சமிருந்த மாதிரியை வேறொரு ஆய்வகத்துக்கு அனுப்ப நீதிபதி உத்தரவிட்டார்.

மூன்று வாரம் அந்த வீட்டில் தொலைபேசி மணி அடித்தால் இருவரும் முட்டிமோதி ஓடினார்கள். கடைசியில் அறிக்கை வந்தது: தாவர விஷம் எதுவும் இல்லை.

விடுதலையான நர்ஸ் நீதிமன்றப் படியில் உட்கார்ந்து, காலணிகளைக் கழற்றி வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள். அகராதிக்காரிக்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.