முந்திக்கொண்ட தாம்பூலம்

நாலு பேர் கூடினாலே செங்கமலத்துக்குத் தலைவலி வந்துவிடும். அவளைப் போய்க் கொலு வைத்துத் தெருவையே அழைக்கச் சொன்னால்? மாம்பலத்தில் புதிதாகப் பிரித்த மனையில் வீடு கட்டிக் குடிவந்த வக்கீல் வேதாந்தம் அப்படித்தான் சொன்னார். சொல்வதற்கு அவருக்கென்ன, சாயங்காலமானால் கிளப்புக்குப் போய்விடுவார். பெண்டாட்டிதானே ஒவ்வொரு வாசலாக ஏறி, குங்குமச் சிமிழை நீட்டி, சிரித்த முகமாக அழைக்க வேண்டும்!

இவ்வளவுக்கும் அவள் தலையாட்டியது ஒருத்திக்காக. தங்கை வஞ்சுளவல்லி மயிலாப்பூரில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஆனாலும் கல்யாணமானதிலிருந்து அக்காவோடு தனியாக ஒரு வார்த்தை பேச மாமியார் விட்டதில்லை. கொலுவுக்கு அழைத்தால் அந்த அம்மாளாலும் மாட்டேன் என்று சொல்ல முடியாது.

வெள்ளிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. ஒரு மாமி பாடி முடித்ததும் இன்னொரு மாமி தொண்டையைச் செருமினாள். இந்தப் பக்கம் வைரத்தோட்டுப் பேச்சு, அந்தப் பக்கம் வரன் பேச்சு. சிரித்துச் சிரித்துச் செங்கமலத்துக்குத் தாடை கடுத்தது. மாமியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த வஞ்சுளா ரொம்ப இளைத்திருந்தாள். கண்ணாலேயே அக்காவுக்குச் சமையலறையைக் காட்டினாள்.

இந்தக் கூட்டம் ஒழிந்தால் போதும் என்றிருந்தது செங்கமலத்துக்கு. தாம்பூலத் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தாம்பூலம் கைக்கு வந்துவிட்டால் கிளம்ப வேண்டியதுதான் என்று யாருக்கும் சொல்லித் தர வேண்டாம். வயதில் மூத்தவளுக்கு முதலில் கொடுப்பது வழக்கம். அசதியில் அவள் கை வழக்கப்படியே நீண்டது. அங்கிருந்தவர்களில் மூத்தவள் வஞ்சுளாவின் மாமியார்! கொடுத்த பிறகுதான் உறைத்தது.

"பேஷ்! வந்தவாளைக் காக்க வைக்காம அனுப்பறே. வஞ்சுளா, எழுந்திரு."

"இருங்கோ மாமி, இன்னும் சுண்டலே சாப்பிடலையே. வஞ்சுளா, செத்த உள்ளே வாயேன்..."

"தாம்பூலம் வாங்கிண்டு உட்காரப்படாதுடீ அம்மா. பொட்டலமாக் கட்டிக் குடு, போறும்."

பொட்டலத்தை வாங்கும்போது வஞ்சுளா அக்காவின் கையை இறுக்கிப் பிடித்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள். மாமியார் நகரவில்லை. "போயிட்டு வரேன் அக்கா" என்பதோடு முடிந்தது.

மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கிளம்பிப் போனார்கள். வேதாந்தம் வந்து செருப்பைக் கழற்றினார்.

"எல்லாரும் போயாச்சா? இனிமே உனக்கு நிம்மதி."

செங்கமலம் ஜமக்காளத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"வஞ்சுளா என்னமோ சொல்லணும்னு வந்தாள். நானே வெத்தலை பாக்குக் குடுத்து அனுப்பிச்சுட்டேன்" என்று சொல்லி அழுதாள்.