பதின்மூன்று முறை ஃபிட்

ஐம்பத்திரண்டு வயதில் கௌஸ் முகைதீனுக்கு விமானம் ஓட்டும் ஆசை வந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரியுங்கள் கண்ணுகளா, அவர் வீட்டிலும் சிரிக்கத்தான் செய்தார்கள். ஆனால் ஆசை அன்றைக்கு வந்ததல்ல. கீழக்கரையிலிருந்து வந்து ஷார்ஜா தொழில்பேட்டையில் பழைய ஏசி கம்ப்ரசர் கடை போட்டு இருபத்தாறு வருஷம். கடைக்கு மேலே விமானம் தாழ இறங்கும்போதெல்லாம் கையிலிருக்கும் ஸ்பேனரோடு வாசலுக்கு வந்து நிற்பார். ஏன் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

மூத்த மகள் கல்யாணம் முடிந்த பிறகுதான் துணிச்சல் வந்தது. மணல்காட்டுக்குள் ஒரு மணி நேரம் ஓட்டிப் போனால் சின்னதாய் ஒரு பறக்கும் கிளப். அங்கே சொல்லிக்கொடுப்பவன் விமல், யாழ்ப்பாணத்துப் பிள்ளை. மேசையில் இரண்டு தாள்களை வைத்தான்.

"அண்ணை, இது ஸ்போர்ட் பைலட். ரெண்டு சீட்டு, பகலிலை மட்டும் பறக்கலாம். உங்கட கார் லைசென்ஸும், உங்கட டாக்டர் சொல்லுற சொல்லும் இருந்தாக் காணும், வேறொண்டும் வேண்டாம். மற்றது பிரைவேட் பைலட். நாலு சீட்டு, ராவிலையும் பறக்கலாம். ஆனா பெரிய மெடிக்கல் இருக்கு. ஒண்டை மட்டும் மறக்காதேங்கோ. பெரிய மெடிக்கலிலை 'அன்ஃபிட்' எண்டு ஒருக்கா எழுதினா, எங்கட கிளப் சட்டப்படி சின்னதுக்கும் வாசல் பூட்டு. அந்தப் பக்கம் போகாமலே இருந்தா திறந்தே கிடக்கும்."

கௌஸ் முகைதீன் நெஞ்சைத் தடவிக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன் லீவில் போனபோது மதுரையில் வைத்த ஸ்டென்ட் உள்ளே இருந்தது. கார் ஓட்டலாம், மலைகூட ஏறலாம் என்று அந்த டாக்டர் சொல்லிவிட்டார். "சின்னதே போதும் தம்பி" என்று எழுந்தார்.

அந்த ஞாயிறு மதியம் நெய்ச்சோற்றின் முன்னால்தான் விஷயத்தை அவிழ்த்தார். மனைவியின் தம்பி சாதிக் பாட்ஷா, கடையில் கூட்டாளி, கறித்துண்டை வாயில் வைத்தபடியே ஆரம்பித்தான்.

"ஸ்போர்ட்டா? வெளையாட்டு லைசென்ஸா மச்சான்? அதுக்கு எதுக்கு கிளப்பு, அஜ்மான் பீச்சுல பட்டம் விட்டாப் போச்சே!"

சின்ன மகள் இஃப்பத் போனிலிருந்து தலையைத் தூக்கினாள். "டூ சீட்டர்தானா வாப்பா? ஸோ சேட். அப்ப நாங்க?"

மனைவி சித்தி மரியமும் சிரித்துவிட்டாள். அவள் சிரித்ததுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"பெருசே படிக்கிறேன். நாலு பேருமா போவோம்" என்றார்.

மெடிக்கல் அவருக்குப் பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை விசா மெடிக்கல். கையில் ரத்தம், நெஞ்சில் எக்ஸ்ரே, கலாஸ், முடிந்தது. பதின்மூன்று முறை ஃபிட். ஸ்டென்ட் வைத்த பிறகும் ஃபிட்தான். யாரும் எதுவும் கேட்டதில்லை. ஃபாரத்தையும் வழக்கம்போல, நிரப்பித் தரும் டைப்பிங் சென்டரில் கொடுத்தார். அங்கிருந்தவன் விசா ஃபாரத்துக்குச் செய்வதுபோலவே நோய் உண்டா, மாத்திரை உண்டா என்ற கேள்விகளுக்கெல்லாம் மேலிருந்து கீழ்வரை 'இல்லை, இல்லை' என்று தட்டிக்கொண்டே போனான். இவர் கையெழுத்துப் போட்டார்.

மெடிக்கலுக்கு மனைவியையும் கூட்டிப் போனார். முடிந்ததும் வெளியே சாப்பிடலாம் என்று. டாக்டர் ஷியாமளா கோயம்புத்தூர்க்காரி. தமிழைக் கேட்டதும் சித்தி மரியத்துக்கு உடன்பிறந்தவளைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது.

"தினமும் மாத்திரை ஏதாவது சாப்பிடறீங்களா பாய்?"

அவர் வாயைத் திறக்கும் முன் சித்தி மரியம் கைப்பையைத் திறந்தாள். "இந்தா பாருங்க டாக்டரம்மா. நெஞ்சுல ஸ்டென்ட் வச்சதுலேருந்து ஒரு வேளை தவறவிட்டதில்ல. இவுக மறந்தாலும் நான் மறக்க மாட்டேன்."

டாக்டர் மாத்திரை அட்டையைப் பார்த்தாள். ஃபாரத்தைப் பார்த்தாள். "இதுல எல்லாத்துக்கும் 'இல்லை'ன்னு இருக்குதுங்களே?"

"டைப்பிங் சென்டர்ல போட்டதும்மா..."

"கையெழுத்து உங்களுதுதானுங்க?"

அதற்குமேல் என்ன இருக்கிறது. இதயம் ஒரு குறை, மறைத்தது இன்னொரு குறை. 'அன்ஃபிட்' என்று எழுதினாள்.

காரில் சித்தி மரியம் மெல்லக் கேட்டாள். "என்னாங்க, நான் தப்பா எதுவும் சொல்லிட்டேனா?"

"இல்லம்மா. மாத்திரைய உள்ள வை."

விமலுக்குப் போன் போட்டுச் சொன்னார். "நான் அப்பவே சொன்னனான் அண்ணை, இனிச் சின்னதும் பூட்டு" என்றான் அவன்.

அவர் வாங்கி வைத்திருந்த பாடப் புத்தகம் கடையில் கிடந்தது. சாதிக் பாட்ஷா சும்மா புரட்டிப் பார்த்தான். அடுத்த மாதமே கார் லைசென்ஸை எடுத்துக்கொண்டு போய்ச் சின்னதில் சேர்ந்துவிட்டான். "நம்ம குடும்பத்துல ஒருத்தராச்சும் பறக்கணும்ல மச்சான்" என்றான். கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, வாய்தான் பெரிது. பிப்ரவரியில் லைசென்ஸ் வாங்கியதும் முதல் ஆளாய் மச்சானைத்தான் கூப்பிட்டான். மாட்டேன் என்றால் பொறாமை என்பார்கள். போனார்.

கீழே நின்றபடியே விமல் அவருக்குப் பெல்ட்டை இழுத்துக் கட்டிவிட்டான். அவர் முழங்கால்களுக்கு நடுவிலும் ஓட்டுகிற கம்பி ஒன்று நின்றது. "அண்ணை, கையை மட்டும் அதிலை வைக்காதேங்கோ" என்றான், முகத்தைப் பார்க்காமல்.

மேலே ஏறியபோது மணல் சிவந்து விரிந்தது. ஒட்டகங்கள் புள்ளியாயின. இருபத்தாறு வருஷம் அண்ணாந்து பார்த்த இடத்தில் இப்போது அவரே இருந்தார்.

"எப்படி மச்சான் நம்ம பட்டம்?" காதில் சாதிக்கின் சிரிப்பு.

புத்தகத்தை அவர் மனப்பாடமாகவே படித்திருந்தார். "மூக்கு தூக்கி இருக்கு சாதிக்கு. கொஞ்சம் இறக்கு."

"ஆமால்ல!" என்று அவன் இறக்கினான். விமானம் நேரானது.

கௌஸ் முகைதீன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுத்தி உட்கார்ந்திருந்தார். இறங்கும்வரை எடுக்கவில்லை.