மூன்றாவது திருப்பத்தில் விளம்பரம்

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் கரோலினாவில் பாதிச் சனம் தேவாலயம் முடிந்த கையோடு டிவி முன்னால் உட்கார்ந்துவிடும். ஸ்டாக் கார் பந்தயம், வட்டத் தடத்தில் கார்களைச் சுற்றிச் சுற்றி ஓட்டுவது. உட்கார்ந்ததும் செய்கிற முதல் காரியம், டிவியின் சத்தத்தை அணைத்துவிட்டு ரேடியோவைப் போடுவது. படம் டிவியில், சேதி ரேடியோவில். ரேடியோக்காரனிடம் காட்டுவதற்கு ஒன்றும் கிடையாது, அதனால் நடப்பதைச் சொல்கிறான். டிவிக்காரனிடம் தடத்தைச் சுற்றி எத்தனையோ கேமரா இருக்கிறது, அதனால் மத்தியானம் தின்ற கோழி வறுவலைப் பற்றிப் பேசுகிறான்.

நான் வெர்னா ஸ்டட்ஸ். வார நாட்களில் கவுண்டி ஆபீசில் வண்டிகளுக்கு நம்பர் பிளேட் கொடுக்கிறேன். ஞாயிறானால் என் தம்பி கோய்க்குக் கண். பந்தய வண்டிக்குள் கட்டிப்போட்ட மாதிரி உட்கார்ந்திருப்பவனால் கழுத்தைத் திருப்ப முடியாது. பக்கத்தில் எவன் வருகிறான், எவன் விலகிவிட்டான் என்று பார்வையாளர் மாடத்தின் உச்சிக் கூரையில் நின்று ஒருவர் வாக்கி-டாக்கியில் அவன் காதில் ஓதிக்கொண்டே இருக்க வேண்டும். பெரிய அணிகளில் இதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் உண்டு. எங்கள் அணிக்கு நான்தான் உண்டு.

விளம்பரத்துக்காக எங்கள் வண்டிக்குப் படியளந்தவர் மிஸ்டர் ரூடிசில். ஷெல்பியில் லிவர்மஷ் தயாரிக்கிறவர். பன்றி ஈரலையும் சோள மாவையும் சேர்த்து வேகவைத்துக் கட்டியாக்கி, வில்லை போட்டுப் பொரித்தால் அதுதான் லிவர்மஷ். எங்கள் பக்கம் அது இல்லாமல் காலை விடியாது. இரண்டு கவுண்டி தள்ளிப் போனால் மூக்கைப் பொத்திக்கொள்வார்கள். அந்த மூக்குகளையெல்லாம் டிவி வழியாக வளைத்துப் பிடிப்பது மிஸ்டர் ரூடிசில்லின் ஆசை. அதற்காகத்தான் கோயின் வண்டி முழுக்க ரோஜா நிறம் அடித்து, தொப்பி போட்ட பன்றி ஒன்றை வரைந்திருந்தார். ஆனால் ஒரு பந்தயத்துக்கும் நேரில் வந்ததில்லை.

“அங்க வந்தா வண்டிதாம்மா தெரியும். டிவியில என்ன தெரியுதுங்கிறதுதானே எனக்கு முக்கியம்?” என்பார்.

டிவியில் தெரிவதற்கு எங்களைப் போன்றவர்களுக்கு உள்ள வழிகள் கொஞ்சம்தான். முதல் ஆளாகப் போக வேண்டும். அது நடக்காது. தீப்பற்றி எரியலாம். அதற்குத் தம்பி சம்மதிக்கவில்லை. மிச்சமிருந்தது ஒன்று. முதலில் போகிறவன் ஒரு முழுச் சுற்று முந்திவந்து உங்கள் பின்னால் மாட்டிக்கொண்டால், கேமராவுக்கு வேறு வழியில்லாமல் நீங்களும் தெரிவீர்கள். செப்டம்பரில் ஒரு நாள் பிரேக் கெட்டுப்போய்க் கோய் கடைசியில் தவழ்ந்துகொண்டிருந்தபோது இதுதான் நடந்தது. முன்னணிக்காரன் தாண்ட முடியாமல் தவிக்க, சுற்றுக்குச் சுற்று நாடு முழுவதும் எங்கள் பின்பக்கத்தைப் பார்த்தது. அன்று கோய் அவமானத்தில் ஹெல்மெட்டைக் கழற்றாமலே வீட்டுக்குக் கிளம்பினான். மிஸ்டர் ரூடிசில் போன் போட்டு அழாத குறையாக வாழ்த்தினார். அடுத்த வாரமே முன்னாலிருந்த பன்றியை அழித்துவிட்டுப் பின்பக்கத்தில் இரண்டு மடங்கு பெரிதாக வரைந்து அனுப்பினார்.

“பின்பக்கம் தெரியணும்னா நான் எப்பவும் பின்னாடியே இருக்கணுமே சார்,” என்றான் கோய்.

“அதான் உனக்கு நல்லா வருதேப்பா,” என்றார் மிஸ்டர் ரூடிசில்.

அவர் கெட்ட மனுஷன் இல்லை. சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். அதனால்தான் அந்த அக்டோபர் பந்தயத்துக்கு முந்தின நாள் அவர் சொன்னதை நான் வெறும் மிரட்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. “ஏம்மா வெர்னா, நாளைக்கு என் பன்னி டிவியில வந்தாத்தான் அடுத்த வருஷம். இல்லேன்னா நான் வேற வண்டியப் பார்த்துக்கிறேன். மனசுல வெச்சுக்காத.” அவர் விட்டால் எங்களைத் தொட வேறு ஆள் இல்லை. கோய்க்கு வயது முப்பத்தெட்டு. அவன் ஓட்டும் கடைசிப் பந்தயம் அதுவாகவே இருந்திருக்கும். அதை நான் அவனிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ராத்திரி முழுக்கத் தூங்காமல் காலையில் சுவரில் கொண்டுபோய் முட்டியிருப்பான்.

மலையடிவாரத்து அரை மைல் தடம். முப்பத்தோராவதாகக் கிளம்பினான். கூரையில் ஏறி நின்ற எனக்கு அன்று ஆரம்பத்திலேயே ஏதோ சரியாக அமைந்துவிட்டது புரிந்தது. வண்டி அவன் சொன்னபடி கேட்டது. ஒவ்வொருவராகத் தாண்டினான். சும்மா இல்லை, வழித்துக்கொண்டு தாண்டினான். பாதிப் பந்தயத்தில் பதினேழாவது இடம். அப்போது போன் அடித்தது.

“ஏம்மா, நம்ம வண்டி ஓடுதா இல்லையா?”

“நல்லா ஓடுது சார். பதினேழாவது.”

“இங்க ஒரு நடிகந்தான் ஓடுறான்.”

விஷயம் இதுதான், அவரே போனில் புலம்பித் தீர்த்தார். அன்று கொடியசைத்துத் தொடங்கிவைக்க ஒரு நடிகர் வந்திருந்தார். படம் வெளிவரப் போகிறதாம். அவர் சின்ன வயதில் பொம்மைக் கார் வைத்திருந்த கதையை டிவியில் விலாவாரியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டிக்குள் பந்தயம் நடந்தது. பிறகு முதலில் போகிறவனின் மனைவியைக் காட்டினார்கள். பிறகு அவளுடைய நாயை. நாய்க்குக் காதில் இரைச்சல் கேட்காமலிருக்கக் குட்டி மூடி மாட்டியிருந்ததாம், அதை மறுபடி ஒரு தடவை காட்டினார்கள்.

எவனோ இரண்டு பேர் இடித்துக்கொண்டதில், யாரும் முந்தாமல் மெதுவாகச் சுற்றச் சொல்லி மஞ்சள் கொடி விழுந்தது. எல்லோரும் டயர் மாற்ற உள்ளே போனார்கள். டயர் மாற்றும் எங்கள் பிள்ளைகள் அன்றைக்குப் பார்த்து நட்டு ஒன்றைக்கூடக் கீழே போடவில்லை. வெளியே வரும்போது கோய் ஏழாவது. திரும்பவும் போன்.

“வெர்னா, தம்பிய மெதுவா போகச் சொல்லு. முதல்ல போறவன் ஒரு ரவுண்டு வந்து பின்னாடி மாட்டட்டும்.”

“சார், ஏழாவதா போறான் சார். அவன் பொறந்ததுல இருந்து ஏழாவதா போனதில்ல.”

“ஏழாவது எந்த டிவியில தெரியுது? பச்சக் கொடி விழுந்ததும் விளம்பரத்துக்குப் போயிடுறான். நேத்து சொன்னத மறந்துட்டியா?”

மறக்கவில்லை. கட்டைவிரல் பேசும் பொத்தானின் மேல்தான் இருந்தது. ‘ஆக்ஸிலேட்டர்லேருந்து காலை எடுடா’ என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அடுத்த வருஷம் அவனுக்கு வண்டி இருக்கும். நான் சொன்னால் கேள்வி கேட்காமல் செய்வான், இருபது வருஷமாக அப்படித்தான்.

“யாருக்கா போன்ல?” என்றான் காதுக்குள். விரல் பொத்தானை அமுக்கியிருக்க வேண்டும்.

“ராங் நம்பர். நீ முன்னாடி பாரு.”

போனை அணைத்துப் பைக்குள் போட்டேன். அவன் வாழ்க்கையை அவனைக் கேட்காமல் பணயம் வைத்துவிட்டோமே என்று பயமாகத்தான் இருந்தது.

அந்தத் தடத்தில் எல்லோரும் உள்வரிசையில் வால்பிடித்துத்தான் போவார்கள். சுவரையொட்டிய மேல்வரிசை முழுக்கத் தேய்ந்த ரப்பர்த் தூள் சரளைக்கல் மாதிரி கிடக்கும். ஏறியவன் வழுக்கிச் சுவருக்குத்தான் போவான். மிச்சச் சுற்றுகள் குறைந்துகொண்டே வந்தன.

“மேல போறேன்க்கா.”

“மேல பூரா குப்பைடா!”

“தெரியும்.”

மூன்றாவது திருப்பத்தில் ஏறினான். பின்பக்கம் சுவரை உரசி ரோஜா நிறத்தை அங்கே கொஞ்சம் ஒட்டிவைத்துவிட்டு நிமிர்ந்தது. நான் ஓதிக்கொண்டே இருந்தேன். “உள்ள ஒருத்தன். இன்னும் உள்ள. இன்னும். விட்டாச்சு. அடுத்தவன் உள்ள. விடாத, விடாத, இன்னும் உள்ள. விட்டாச்சு. மூணாவது ஆளு. கதவுகிட்ட. விட்டாச்சுடா! விட்டாச்சு!” ஒரே திருப்பத்தில் நுழைந்து நேர்த்தடத்துக்குள் வருவதற்குள் மூன்று பேர். அவர்கள் காலை எடுக்கவில்லை. மேலேயிருந்து எனக்கு நன்றாகத் தெரிந்தது, மூன்று பேரும் உயிரைக் கொடுத்து ஓட்டினார்கள். என் தம்பி அதைவிட வேகமாக, யாரும் போகாத இடத்தில் போனான். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டேதான் மிச்சப் பந்தயத்தையும் ஓதினேன். கடைசியில் இன்னொருவனையும் தாண்டி மூன்றாவதாக முடித்தான்.

ஜெயித்தவன் புல்லில் வண்டியைச் சுழற்றிப் புகை கிளப்பிக்கொண்டிருந்தான். எல்லாக் கேமராவும் புகையைப் பார்த்தது. நான் நேராக டிவிக்காரர்கள் லாரி நிறுத்தும் கொட்டகைக்குப் போனேன். சண்டைக்குப் போகவில்லை, சத்தியமாக. அந்த மூன்றாவது திருப்பம் ஏதாவது ஒரு கேமராவில் பதிந்திருக்கும், ஒரு பிரதி வாங்கினால் மிஸ்டர் ரூடிசில்லிடம் காட்டிக் கெஞ்சலாம் என்றுதான் போனேன். காதில் ஹெட்போனோடு நின்ற ஒரு பொறுப்பான ஆள் மரியாதையாகவே பதில் சொன்னார்.

“அந்த நேரம் விளம்பரம் மேடம்.”

“விளம்பரம் உங்களுக்கு. கேமரா ஓடிக்கிட்டுத்தானே இருந்திருக்கும்?”

“இல்ல மேடம். விளம்பரத்தப்பதான் எங்க பசங்க பாத்ரூம் போவாங்க.”

அவர் பொய் சொல்லவில்லை, அதுதான் என்னைக் கிளப்பிவிட்டது. பத்தடி தள்ளி மைக்கோடு ஒருத்தி அதே நடிகரைப் பேட்டி எடுத்துக்கொண்டிருந்தாள். பந்தயம் எப்படி இருந்தது என்று அவரைக் கேட்டாள். அவரை!

நடுவில் போய் நின்றது ஞாபகம் இருக்கிறது. மைக் என் கைக்கு எப்படி வந்தது என்பது ஞாபகம் இல்லை.

“இருபத்தெட்டு வண்டிய முந்தி வந்திருக்கான் எந்தம்பி! ஒரு தடவ காட்டினீங்களா? நாயக் காட்டினீங்க! ரெண்டு தடவ! இந்த ஆளோட பொம்மக் கார் கதைய சொன்னீங்க. எந்தம்பி என்ன பண்ணான்னு தெரியுமா உங்களுக்கு? எவனும் போகாத எடத்துல போனான்யா! கண்ணு இருக்கா உங்களுக்கு? இவ்வளவு கேமராவ எதுக்கு வெச்சிருக்கீங்க, துணி காயப் போடவா?”

இன்னும் நிறையச் சொன்னேன். அதில் சிலதைப் பற்றி அடுத்த ஞாயிறு பாதிரியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டார். காவலர்கள் வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும் வரை கேமரா என் முகத்தைவிட்டு அசையவில்லை. நான் போட்டிருந்தது அணியின் சட்டை. நெஞ்சு நிறையத் தொப்பி போட்ட பன்றி, முதுகிலும் பன்றி.

அன்று மாலை முழுக்க என்னைத்தான் காட்டினார்கள். மெதுவாக ஓடவிட்டுக் காட்டினார்கள். நான்கு கோணத்தில் காட்டினார்கள். பந்தயத்தில் எவன் எவனை எங்கே இடித்தான் என்பதற்கு ஒரு கோணம் கிடைக்காதவர்களுக்கு, நான் மைக்கைப் பிடுங்கியதற்கு நான்கு கோணம் கிடைத்திருந்தது. முன்னாள் வீரர் ஒருவர் திரையில் வட்டம் போட்டு, என் இடது கை எப்படி முன்னேறுகிறது என்று விளக்கினார். அந்த விளக்கம் துல்லியமாக இருந்தது, குறை சொல்ல முடியாது.

மறுநாள் சாயங்காலம் கோயின் வீட்டில் இருந்தபோது மிஸ்டர் ரூடிசில் கூப்பிட்டார். குரலில் தேன் ஒழுகியது.

“வெர்னாம்மா! டென்னஸியிலேருந்து ஆர்டர் வருதும்மா. அடுத்த வருஷம் உண்டு. அதுக்கடுத்த வருஷமும் உண்டு. ஒண்ணே ஒண்ணு, வண்டி முன்னாடி உன் போட்டோவப் போடுறேன். வாயத் தெறந்துக்கிட்டு நிக்கிறியே, அது.”

“சார், மூணாவதா வந்தது கோய்.”

“வந்தானா? நல்ல பையன். அவனையும் கேட்டதா சொல்லு.”

திரும்பிக் கோயிடம் சொன்னேன். அடுத்த வருஷம் வண்டி உண்டு. தலையாட்டினான். சிரிக்கவில்லை. பந்தயத்தை டிவியில் பதிவு செய்து வைத்திருந்தான், அதைத் தேடிக்கொண்டிருந்தான். உள்ளே உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முன்கண்ணாடியும் சுவரும் தவிர ஒன்றும் தெரியாது. தான் செய்தது வெளியிலிருந்து எப்படி இருந்தது என்று ஒரு தரம் பார்க்க ஆசை. விளம்பரம் என்று நான் ஏற்கெனவே சொல்லியிருந்தேன். இருந்தாலும் அந்த இடத்துக்கு ஓட்டிப் போனான். ஒரு லாரி மலைமேல் ஏறியது. இன்ஷூரன்ஸ் வந்தது. மூட்டுவலித் தைலம் வந்தது. ஒன்றையும் தாண்டிவிடாமல் முழுக்கப் பார்த்தான்.

விளம்பரம் முடிந்ததும் கோய் நான்காவது இடத்தில் இருந்தான். டிவியில் பேசுகிறவர் அவன் பெயரை அன்று முதல் தடவையாகச் சொன்னார். “அட, ஸ்டட்ஸ் எப்படி இங்கே வந்தார்? முன்னால் போன மூவரும் டயரைக் காப்பாற்ற வேகத்தைக் குறைத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. அதிர்ஷ்டக்காரர்.” பக்கத்தில் இருந்தவர் சிரித்தார். பிறகு மூன்றாவது தடவையாக நாய் வந்தது.

கோய் படத்தை நிறுத்தினான்.

“ஏன்க்கா, அவங்க நெஜமாவே வேகத்தக் குறைச்சுக்கிட்டாங்களா?”

“என்னடா பேசுற? நீ தாண்டினடா! ரேடியோவுல அப்படியே சொன்னானாமே, ஊரே கேட்டிருக்கு.”

“ரேடியோக்காரன் மாடு ரோட்டக் கடந்தாக்கூட கத்துவான்.”

“நான் பார்த்தேன்டா. இந்த ரெண்டு கண்ணால பார்த்தேன். ஒருத்தனும் கால எடுக்கல. நீயாத்தான் போன.”

அவன் என்னைப் பார்த்துச் சிரித்தான். அன்பாகத்தான் சிரித்தான்.

“நீ என் அக்கா. அப்படித்தான் சொல்லுவ,” என்றான்.