நாக்பூர் வண்டி

"தார்ப்பாய் இருக்குதான்னா கேக்கறாங்க?"

"ஆமாங்க்கா. கயிறும் கட்டாயமாம்."

பிரபா தையல் மெஷினை நிறுத்திவிட்டு, தங்கை யாழினியின் போனை வாங்கிப் படித்தாள். 'தகவல் கிடைத்தது. வண்டியைத் தயாராக வைக்கவும். தார்ப்பாய், கயிறு கட்டாயம்.' சங்ககிரி காளியண்ணன் லாரி ஆபீசுக்குக் கணக்கெழுதும் வேலை கேட்டு அனுப்பிய விண்ணப்பத்துக்கு வந்திருந்த ஒரே பதில் அது. அந்த ஆபீசுக்கு இருப்பது ஒரே நம்பர். லோடு கேட்பவர்களும் அதில்தான் கேட்பார்கள். யார் எதை அனுப்பினாலும் இந்த வாசகம் தானாகப் போய்விடும்.

அந்தப் பதில் வந்து மாதம் ஒன்று ஓடிவிட்டது. போன் செய்தபோதெல்லாம் "சொல்லி உடறோம் சாமி" என்றார்கள். எடப்பாடியில் ஒரு துண்டுக் கம்பெனி யாழினியைக் கூப்பிட்டிருந்தது. நாளைச் சாயந்தரத்துக்குள் வருகிறாளா இல்லையா என்று சொல்ல வேண்டும். அவளுக்கோ மனசு முழுக்க லாரி ஆபீசில். நாக்பூர், கட்டாக், குவாஹாத்தி என்று பில்லில் எழுதிக்கொண்டே அந்த ஊர்களில் மழை பெய்கிறதா என்று யோசிக்கலாம். துண்டுக் கம்பெனியில் துண்டைப் பற்றித்தான் யோசிக்க முடியும். வேலை இல்லை என்று காளியண்ணன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அவள் பாட்டுக்கு எடப்பாடி பஸ் ஏறிவிடுவாள். அந்த ஒரு வார்த்தைதான் வரவில்லை.

"தயாரான்னு கேட்டா தயார்னு சொல்றதுதானே மரியாதை" என்றாள் பிரபா, முகத்தை ரொம்ப நல்ல பிள்ளையாக வைத்துக்கொண்டு.

யாழினி தட்டினாள்: 'வண்டி தயார். தார்ப்பாய், கயிறு உண்டு. ஓட்டுநர் யாழினி.'

டீ ஆறுவதற்குள் பதில் வந்துவிட்டது. நாளைக் காலை யார்டுக்கு வரவும், நாக்பூருக்கு ஜவுளி லோடு. மனுஷிக்கு ஒரு மாதமாக வராத பதில் வண்டிக்கு உடனே வந்ததில் யாழினிக்கு முதலில் சிரிப்பும் பிறகு கோபமும் வந்தது. பிரபா எழுந்துபோய், மொட்டைமாடியில் மிளகாய் காயப்போடும் நீலத் தார்ப்பாயை உதறி மடித்துக் கொடுத்தாள். அவர்களாகத்தானே வரச் சொல்லியிருக்கிறார்கள்.

காலையில் யார்டில் லாரிகள் வரிசையாக நின்றன. தார்ப்பாயும் கயிறுமாக வரிசையில் நின்ற யாழினியை, முன்னால் நின்ற டிரைவர் தங்கமுத்து திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

"வண்டி எங்க சாமி?"

அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, எங்களுக்கெல்லாம் அப்படி இழுக்கமாட்டாரே என்றார். லோடு இல்லாவிட்டால் காளியண்ணன் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லி அனுப்பிவிடுவாராம்.

"சொல்லாம உட்டா வண்டி எடத்த அடைச்சுக்கிட்டு நிக்கும்ல."

யாழினி கொஞ்சம் யோசித்தாள். பிறகு வரிசையை விட்டு விலகிப்போய், யார்டு கேட்டுக்குக் குறுக்கே தார்ப்பாயை விரித்து, நாலு மூலைக்கும் கல் வைத்து, நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். மிளகாய் நெடியில் ஒரு தும்மல் வந்தது. வெளியே, பள்ளிபாளையத்திலிருந்து பேப்பர் லோடு ஏற்றி வந்த லாரி ஒன்று நின்று ஹாரன் அடித்தது. அதன் பின்னால் இன்னொன்று.

காளியண்ணன் போனும் கையுமாக வெளியே வந்தார். நாக்பூர் வண்டி எது என்று கேட்டார். யாழினி கையைத் தூக்கினாள். அவர் அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே வண்டி எதுவும் இல்லை. போனை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தார். அவளுடைய விண்ணப்பம் கிடைத்திருக்க வேண்டும், காது மடல் சிவந்தது. டிரைவர்கள் லாரியை விட்டு இறங்கி வேடிக்கை பார்க்க வந்தார்கள்.

"வேலைக்குங்களா? அது சொல்லி உடறோம் சாமி. மொதல்ல எந்திரி, வண்டி வரோணும்."

"நானும் வண்டிதானுங்க" என்றாள் யாழினி. "உங்க ஆபீசுதான் வரச்சொல்லுச்சு. எடப்பாடிக்காரங்க சாயந்தரத்துக்குள்ள பதில் கேக்கறாங்க. லோடு இருக்குதா இல்லீங்களான்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க, தார்ப்பாயச் சுருட்டிக்கறேன்."